பெண்டிமெத்தலின் கொடுத்த வெங்காய வேரில் மைட்டாட்டிக் இண்டெக்ஸ் கூடுகிறது, வேர் மட்டும் வளரவில்லை. ஏன்?

வேர்நுனி:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகச் சின்ன வெங்காய வேரில் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி என்ன செய்கிறது என்று பார்க்கிறேன். கடையில் விற்கும் 30 ஈசி மருந்தையே தண்ணீரில் கலந்து மூன்று செறிவுகள் வைத்துக்கொண்டேன். முதலில் வெறும் தண்ணீரில் வேர் விடவைத்து, அப்புறம் 24 மணி நேரம் மருந்தில். பிறகு வழக்கமான முறைதான்: 3:1 எத்தனால், அசிட்டிக் அமிலத்தில் ஃபிக்ஸ் செய்து, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் சூடாக்கி, அசிட்டோ-ஆர்சின் சாயம் ஏற்றி ஸ்குவாஷ் (கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்புவது).

நடுச் செறிவில் மைட்டாட்டிக் இண்டெக்ஸ் (பிரிதலில் இருக்கும் செல்களின் சதவீதம்) கன்ட்ரோலை விடத் தெளிவாகக் கூடுதலாக வருகிறது. வேர் நீளமோ கன்ட்ரோலில் பாதிகூட இல்லை. கைடு, "குறைந்த டோஸில் செல் பிரிதலைத் தூண்டுகிறது, ஹார்மெசிஸ் என்று எழுதிவிடு" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. செல் பிரிதல் கூடினால் வேர் நீள வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்லைடுபெட்டி:
நல்ல சந்தேகம். பதில் சொல்லும் முன் மூன்று கேள்விகள். (ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியன் நான். கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.)

வேர் நுனி எப்படி இருந்தது? கூர்மையாகவா, உருண்டு தடித்தா? பிரிதலில் இருந்த செல்களை நிலை வாரியாகப் பிரித்து எண்ணினீர்களா, மொத்தமாக எண்ணிவிட்டீர்களா? அனாஃபேஸ் (குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரிந்து போகும் நிலை) எத்தனை பார்த்தீர்கள்?

வேர்நுனி:
நுனி உருண்டுதான் இருந்தது சார், தீக்குச்சித் தலை மாதிரி. மொத்தமாகத்தான் எண்ணினேன். அனாஃபேஸ்... இப்போது யோசித்தால் அந்த ஸ்லைடுகளில் பார்த்ததாகவே நினைவில்லை. குரோமோசோம் எல்லாம் தடித்து, செல் முழுக்க இறைந்து கிடந்தது. ஸ்குவாஷ் செய்யும்போது கட்டைவிரலை அதிகம் அழுத்தியதால் சிதறியது என்று மெட்டாஃபேஸ் கணக்கில் சேர்த்தேன்.

ஸ்லைடுபெட்டி:
கட்டைவிரல் மேல் பழி இல்லை. அப்படி அழுத்தினால் செல் சுவரே கிழிந்திருக்கும். நீங்கள் பார்த்தது சி-மைட்டாசிஸ், அதாவது குரோமோசோமை இழுக்கும் இழை இல்லாமல் பாதியில் நின்றுபோன செல் பிரிதல்.

மைட்டாட்டிக் இண்டெக்ஸ் என்பது, வேரை ஃபிக்ஸ் செய்த அந்தக் கணத்தில் நூற்றுக்கு எத்தனை செல்கள் பிரிதலில் நின்றன என்ற கணக்கு. எவ்வளவு வேகமாகப் பிரிந்தன என்று அது சொல்லாது. சுங்கச்சாவடியில் கேட்டை மூடிவிட்டால் அங்கே நிற்கும் வண்டிகள் கூடும். அந்த நேரத்தில் மேலிருந்து படம் எடுத்து, "இன்றைக்குப் போக்குவரத்து அமோகம்" என்று எழுதினால் எப்படி இருக்கும்? உங்கள் கைடு எழுதச் சொல்வது அதைத்தான்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு (உங்கள் எண்கள் இல்லை, நானாக வைத்தவை). கன்ட்ரோலில் 1000 செல் எண்ணினால் 80 பிரிதலில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: புரோஃபேஸ் 50, மெட்டாஃபேஸ் 12, அனாஃபேஸ் 6, டீலோஃபேஸ் 12. இண்டெக்ஸ் 8. மருந்து வைத்த வேரில் 1000-க்கு 120: புரோஃபேஸ் 30, மெட்டாஃபேஸ் போன்றவை 86, அனாஃபேஸ் 1, டீலோஃபேஸ் 3. இண்டெக்ஸ் 12. எட்டு பன்னிரண்டானதும் தூண்டுதல் என்று தோன்றும். உள்ளே பார்த்தால் மெட்டாஃபேஸுக்குள் வந்த செல் வெளியே போகவில்லை, அவ்வளவுதான். அனாஃபேஸும் டீலோஃபேஸும் வற்றிவிட்டன. வற்றினால் புது செல் எங்கிருந்து வரும், வேர் எப்படி நீளும்?

அடுத்து, ஏன் நிற்கிறது. பெண்டிமெத்தலின், டைநைட்ரோஅனிலின் குடும்பம். இது தாவர செல்லின் டியூபுலின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. டியூபுலின் கோத்துத்தான் மைக்ரோடியூபியூல், மைக்ரோடியூபியூல் சேர்ந்துதான் குரோமோசோமை இரு துருவத்துக்கும் இழுக்கும் கதிர் இழை. இழை இல்லையென்றால் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் வரிசை கட்டாது. சுருங்கித் தடித்து, செல் முழுக்க இறைந்து கிடக்கும். உருண்ட நுனிக்கும் இதே காரணம்தான். செல் சுவரில் செல்லுலோஸ் நார் எந்தத் திசையில் படிய வேண்டும் என்று வழிகாட்டுவது செல்லின் ஓரத்தில் இருக்கும் மைக்ரோடியூபியூல். அது போனதும் செல் நீளவாக்கில் வளராமல் எல்லாப் பக்கமும் ஊதுகிறது. வெறும் கண்ணால் பார்த்தே பாதி முடிவு சொல்லிவிடலாம் என்றுதான் நுனியை முதலில் கேட்டேன்.

இந்தக் குடும்பம் டியூபுலினைத்தான் பிடிக்கிறது என்பதற்கு அழகான ஆதாரம் ஒரு களையிடமிருந்து கிடைத்தது. கேழ்வரகின் நெருங்கிய சொந்தமான ஒரு புல், அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திக் காடுகளில் இந்த மருந்துகளுக்கு மசியாமல் நின்றது. தேடிப் பார்த்தால் அதன் ஆல்ஃபா-டியூபுலினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. 1998-இல் வெளியானது.

"சி" என்ற எழுத்து கொல்சிசினிலிருந்து வந்தது. 1938-இல் ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவன் வெங்காய வேருக்குக் கொல்சிசின் கொடுத்துப் பார்த்து எழுதினார். வெங்காய வேரை வேதிப்பொருள் சோதனைக்கு எடுக்கும் வழக்கம் அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்பியது. அதே லெவனும் ஜோ ஹின் ட்ஜியோவும் 1955 டிசம்பரில் லுண்டில், மனிதனுக்குக் குரோமோசோம் 48 இல்லை, 46 என்று எண்ணிக் காட்டினார்கள். கருவின் நுரையீரல் செல்லுக்குக் கொல்சிசின் கொடுத்து ஸ்குவாஷ் செய்தார்கள். வேர் நுனியில் பழகிய கை!

கொங்குக்காடு:
பெரியவங்க பேசுற இடத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். நான் விவசாயி. எங்கள் பக்கம் மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு போடுவோம். விதையை வாங்குகிறவர்கள் கொல்சிசின் எடுக்கத்தான் கொண்டுபோகிறார்கள் என்று தெரியும். அது செல்லை நிறுத்தும் சரக்கு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு இரண்டு சந்தேகம் தம்பி. நாங்கள் வெங்காயம் ஊன்றியதும் களை முளைக்கும் முன்னே பெண்டிமெத்தலின்தான் அடிக்கிறோம். வெங்காய வேரையே அது நிறுத்துகிறது என்றால் காட்டில் வெங்காயம் எப்படித் தப்பிக்கிறது? இன்னொன்று, அதைச் சாப்பிடுகிற நமக்கும் செல் பிரிவது நிற்குமா?

வேர்நுனி:
அண்ணா, முதல் கேள்விக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். பெண்டிமெத்தலின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம், லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவுதான். மண்ணோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு மேல் மண்ணிலேயே தங்கிவிடும். களை விதை அந்த அடுக்கில் முளைக்கும்போது மாட்டிக்கொள்ளும். ஊன்றிய வெங்காயத்தின் வேர் அதற்குக் கீழே இறங்குகிறது. நான் செய்வது வேரையே மருந்துக் கரைசலில் மூழ்கடிப்பது. காடும் என் டெஸ்ட் ட்யூபும் ஒன்றில்லை. இரண்டாவது கேள்விக்குப் பெரியவர்கள் வரட்டும்.

ஈரல்சாறு:
இரண்டாவது கேள்வி என் வேலைக்குள் வருகிறது. மருந்துகளின் மரபணு நச்சுத்தன்மையைச் சோதிக்கும் லேபில் இருக்கிறேன். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், எலி ஈரல் சாறு இல்லாமல் எங்களுக்குப் பொழுது போகாது.

நேரடிப் பதில்: வெங்காய வேரில் மெட்டாஃபேஸ் நின்றதை வைத்து மனித செல்லும் நிற்கும் என்று சொல்ல முடியாது. தாவர டியூபுலினும் விலங்கு டியூபுலினும் ஒரே மாதிரி இருந்தாலும் ஒட்டும் இடத்தில் வேறுபாடு உண்டு. டைநைட்ரோஅனிலின்கள் தாவர டியூபுலினில் நன்றாக ஒட்டும், விலங்கு டியூபுலினில் ஒட்டுவது மிகக் குறைவு. கொல்சிசின் இதற்கு நேர் எதிர். மனித செல்லை நிறுத்த மைக்ரோமோலாருக்கும் கீழே போதும். வேர் நுனிக்கு அதைப் போல ஆயிரம் மடங்கு, மில்லிமோலார் கணக்கில் வேண்டும். ஆக வெங்காயம் ஒரு பொருளுக்கு "ஆபத்து" என்று கத்தும், இன்னொன்றுக்குச் சும்மா இருக்கும். இரண்டுமே மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அதற்காகப் பெண்டிமெத்தலின் பாலும் பழமும் என்று சொல்லவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை "மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்" என்ற சந்தேகப் பிரிவில் வைத்தது. ஆனால் அதற்குக் காரணம் எலிகளுக்கு வந்த தைராய்டுக் கட்டி. அடிக்கும்போது கையுறை, முகமூடி போடுங்கள் அண்ணா, காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். வெங்காயக் குழம்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு பொதுக் கருத்தும் சொல்லிவிடுகிறேன். வெங்காய வேர் சோதனை கல்லூரிகளில் அளவுக்கு மீறிப் பயன்படுகிறது. தேநீர், கஷாயம், ஃபுட் கலர், குளிர்பானம் என்று எதையாவது அடர்த்தியாகக் கரைத்து வேரை ஊறவைத்து, "குரோமோசோமைச் சிதைக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். மறுநாள் அது வாட்ஸ்அப்பில் "இதைக் குடித்தால் கேன்சர்" என்று சுற்றுகிறது. எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் வெங்காயத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. பாக்டீரியாவில் மியூட்டேஷனைத் தேடும் ஏம்ஸ் சோதனை, வளர்த்த பாலூட்டி செல்லில் குரோமோசோம் பிறழ்ச்சி அல்லது மைக்ரோநியூக்ளியஸ் (முக்கிய உட்கருவுக்கு வெளியே உருவாகும் குட்டி உட்கரு), அப்புறம் எலியின் எலும்பு மஜ்ஜையில் மைக்ரோநியூக்ளியஸ். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டி எண் 473, 487, 474 எல்லாம் இதற்குத்தான். 474-இல் ஒரு விலங்குக்கு 4000 இளம் சிவப்பணு எண்ண வேண்டும். 473-இல் ஒரு செறிவுக்கு 300 மெட்டாஃபேஸ். அந்தக் கட்டுப்பாடு கல்லூரி ஸ்லைடில் எங்கே இருக்கிறது?

நொய்யல்கரை:
ஈரல்சாறு அவர்களே, பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன், பாதிக்குச் சண்டை போடுவேன்.

நீங்கள் சொல்வது ஒரு தனிப் பொருளை மனிதனுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கான சோதனை. எங்கள் கேள்வி வேறு. சாயக் கழிவு கலந்த தண்ணீரில் நூறு பொருள் இருக்கும். பிஓடி, சிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவுகள்), டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவு) என்று ஆய்வறிக்கையில் எண் வரும். அந்தக் கலவை உயிருள்ள செல்லை என்ன செய்கிறது என்று எந்த எண்ணும் சொல்லாது. ஒவ்வொரு பொருளாகப் பிரித்துப் பெயர் கண்டுபிடிக்க எந்தக் கிராமத்துக்குப் பணம் இருக்கிறது? வெங்காயத்தை அந்தத் தண்ணீரில் வைத்தால் மூன்று நாளில் வேர் பேசும். 1985-இல் ஸ்வீடனில் ஃபிஸ்கெஷோ இந்தச் சோதனையைச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக்குத் தர முறையாகவே முன்வைத்தார். அவர் நாட்டிலும் ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சினைக்குத்தான் இது உதவியது. வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16-தான், ஒவ்வொன்றும் பெரிது. மனித ஜீனோமைப் போல ஐந்து மடங்கு டிஎன்ஏவை அதற்குள் திணித்து வைத்திருக்கிறது. சாதாரணக் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பாலம் (பிரியும் குரோமோசோம்களுக்கு நடுவே இழுபடும் இழை) விழுந்தால் பாலம் தெரியும், துண்டு விழுந்தால் துண்டு தெரியும்.

மனிதன்தான் முக்கியம் என்றால் ஆற்றங்கரைப் பயிர் முக்கியமில்லையா?

ஈரல்சாறு:
எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை. மணி அடித்ததையே தீர்ப்பு என்று எழுதுவதில்தான் ஆட்சேபணை.

திருப்பூர்த் தண்ணீர் என்றால் ஒன்று கேட்கிறேன். ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அந்தக் கழிவில் உப்பே முக்கால் பிரச்சினை. உப்புத் தண்ணீரில் வேரை வைத்தால் ஊடுபரவல் அழுத்தத்தாலேயே வேர் நிற்கும், மைட்டாட்டிக் இண்டெக்ஸ் விழும். சாயம் குரோமோசோமை உடைத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

நொய்யல்கரை:
அதற்குத்தான் உப்புக் கன்ட்ரோல். மாதிரித் தண்ணீரின் மின்கடத்துத் திறனை அளந்து, அதே அளவு வரும் வரை நல்ல தண்ணீரில் சோடியம் குளோரைடும் சோடியம் சல்ஃபேட்டும் கரைத்து ஒரு தொகுதி வைப்போம். பிஎச்சும் அதே அளவுக்குச் சரிசெய்வோம். மாதிரி, உப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உப்பு எவ்வளவு செய்தது, மீதி எவ்வளவு என்று ஓரளவு பிரியும். இதைச் செய்யாத கட்டுரைகள் ஏராளம், அதை மறுக்கவில்லை.

இண்டெக்ஸ் விழுந்ததும் குரோமோசோம் உடைந்ததும் ஒன்றல்ல என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முன்னது செல்லுக்கு மூச்சுமுட்டினாலே வரும். கன்ட்ரோலில் பாதிக்கும் கீழே போனால் அந்தச் செறிவைக் கடுமையான நச்சாக எடுத்துக்கொள்வது வழக்கம், 22 சதவீதத்துக்கும் கீழே என்றால் உயிர்க்கொல்லி அளவு. அந்த அளவில் குரோமோசோம் பிறழ்ச்சியைத் தேடுவதே வீண், சாகிற செல்லில் எல்லாமே பிறழ்ச்சியாகத்தான் தெரியும்.

யாழ்வெங்காயம்:
வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் ஊரில் சின்ன வெங்காயம்தான் பணப்பயிர், ஆகவே லேபிலும் அதைத்தான் பாவிக்கிறோம். விவாதம் நல்லாகப் போகிறது. நான் வேலை செய்கிற கைகளுக்காகச் சில விஷயம் சொல்கிறேன்.

தங்கச்சி வேர்நுனி (தம்பியோ தெரியாது, மன்னிக்கவும்), நீங்கள் கடை மருந்தை அப்படியே கலந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 30 ஈசி என்றால் நூறில் முப்பது பங்குதான் பெண்டிமெத்தலின். மீதி கரைப்பானும் எமல்சிஃபையரும். அந்த எமல்சிஃபையர் சவர்க்காரம் மாதிரி செல் சவ்வைத் தாக்கக்கூடியது. வெறும் தண்ணீர்க் கன்ட்ரோலை மட்டும் வைத்தால் எது செய்த வேலை என்று பிரிக்க இயலாது. சுத்தமான பெண்டிமெத்தலின் கிடைத்தால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள ஒரு கன்ட்ரோலும் வையுங்கள். கிடைக்காவிட்டால் "வணிகக் கலவையின் விளைவு" என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். அதுவும் பிழையில்லை, தோட்டத்தில் விழுவது அந்தக் கலவைதானே.

கன்ட்ரோலுக்கு வடித்த நீர் வேண்டாம். கால்சியம் இல்லாத தண்ணீரில் வேர் சோர்ந்துவிடும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஓர் இரவு திறந்து வையுங்கள். நல்ல கிணற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. எல்லாத் தொகுதிக்கும் ஒரே தண்ணீர்.

அடுத்தது வெங்காயமே. சந்தையில் வாங்கியது சில நேரம் வேரே விடாது. நாட்கணக்கில் காத்திருந்து ஏமாறுவோம். சில நாடுகளில் களஞ்சியத்தில் முளைக்காமலிருக்க மாலெயிக் ஹைட்ரசைட் அடிப்பார்கள். அது தாவரக் குரோமோசோமை உடைக்கும் பேர்போன பொருள், அகன்ற அவரை (விசியா ஃபாபா) வேரிலும் டிராடெஸ்காண்டியா என்ற செடியிலும் சோதனை செய்கிறவர்கள் அதையே பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைப்பார்கள்! உங்கள் கன்ட்ரோல் வெங்காயத்துக்குள்ளேயே அது இருந்தால் என்ன செய்வீர்கள்?

கொங்குக்காடு:
அம்மணி சொல்வது சரி. பெரிய வெங்காயத்தை நாசிக் பக்கம் லாசல்கானில் காமா கதிர் காட்டி முளைக்காமல் செய்யும் ஆலை இருக்கிறது என்று செய்தியில் பார்த்திருக்கிறேன். எங்கள் சின்ன வெங்காயத்துக்கு அதெல்லாம் கிடையாது. பட்டறை போட்டுக் காற்றோட்டமாக வைப்போம், அவ்வளவுதான். தம்பிக்கு வேண்டுமானால் பட்டறையிலிருந்து நேராக எடுத்து அனுப்புகிறேன். ஒரே காட்டு வெங்காயம், ஒரே சைஸ்.

வேர்நுனி:
அண்ணா, மிக்க நன்றி, கட்டாயம் கேட்பேன். (யாழ் அக்கா, தங்கச்சிதான்!)

பழைய ஸ்லைடுகளை எடுத்து நிலை வாரியாக மறுபடி எண்ணினேன். ஸ்லைடுபெட்டி சார் சொன்னபடிதான். நடுச் செறிவில் பிரிதலில் இருக்கும் செல்களில் பெரும்பான்மை இறைந்து கிடக்கும் தடித்த குரோமோசோம். ஒழுங்கான அனாஃபேஸ் அரிதிலும் அரிது. சில செல்லில் குரோமாட்டிட் இரண்டும் பிரிந்து, ஆனால் பக்கத்திலேயே ஜோடி ஜோடியாகக் கிடக்கின்றன. அதிகச் செறிவில் பிரிதலே குறைவு. ஆனால் இன்டர்ஃபேஸ் செல்களில் உட்கரு பெரிதாக, மடல் மடலாக, கொடுக்காய்ப்புளிக் காய் போல இருக்கிறது. சிலதில் பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று குட்டிகள். இவற்றை எதில் சேர்ப்பது?

ஸ்லைடுபெட்டி:
அருமை. இப்போது கதை முழுசாகிறது. ஜோடி ஜோடியாகக் கிடப்பது, குரோமாட்டிட் பிரியும் நேரம் வந்து பிரிந்தாலும் இழுக்க ஆளில்லாத நிலை. அந்த செல் எப்போதுமே அப்படி நிற்காது. கொஞ்ச நேரம் கழித்து உட்கருச் சவ்வு திரும்ப வந்து மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒன்றாக மூடினால் 16 இருந்த இடத்தில் 32 உள்ள பெரிய உட்கரு. கொத்துக் கொத்தாக மூடினால் மடல் உட்கரு. தனியே கிடந்த ஒன்றிரண்டை மூடினால் மைக்ரோநியூக்ளியஸ்.

எதில் சேர்ப்பது என்றால், மைக்ரோநியூக்ளியஸுக்குத் தனி நிரல். அதற்கு வகுக்கும் எண் பிரிதலில் உள்ள செல் இல்லை, எண்ணிய மொத்த செல். சி-மெட்டாஃபேஸ், பாலம், துண்டு, பின்தங்கிய குரோமோசோம் இவற்றுக்குப் பிரிதலில் உள்ள செல்தான் வகுக்கும் எண். இரண்டையும் கூட்டி "மொத்தப் பிறழ்ச்சி சதவீதம்" என்று ஒரே எண்ணாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

மைக்ரோநியூக்ளியஸ் தெரிய செல் ஒரு பிரிதலைக் கடந்து அடுத்த இன்டர்ஃபேஸுக்கு வந்திருக்க வேண்டும். அதனால் இன்னொரு தொகுதிக்கு 24 மணி மருந்தும், அப்புறம் 24 மணி நல்ல தண்ணீரும் கொடுங்கள். நுனியை விட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே உள்ள பகுதியிலும் எண்ணுங்கள், மருந்துக் காலத்தில் நுனியில் இருந்த செல்கள் அங்கே தள்ளப்பட்டிருக்கும்.

ஈரல்சாறு:
அந்த மைக்ரோநியூக்ளியஸ் எப்படி வந்தது என்பதும் முக்கியம். குரோமோசோம் உடைந்து விழுந்த துண்டும் மைக்ரோநியூக்ளியஸ் ஆகும், முழுக் குரோமோசோம் வழிதவறினாலும் ஆகும். எங்கள் லேபில் முன்னதைக் கிளாஸ்டோஜன், பின்னதை அனூஜன் என்போம். பெண்டிமெத்தலின் பின்னது. கிளாஸ்டோஜன் என்றால் அனாஃபேஸில் பாலமும் துண்டும் கூட இருக்க வேண்டும். உங்கள் ஸ்லைடில் அவை இல்லை, கதிர் இழை கெட்ட அறிகுறிகள் மட்டும் இருக்கின்றன. எனவே "டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது" என்ற வாக்கியம் எங்கும் வரக் கூடாது.

கொல்சிசினே நல்ல உதாரணம். ஏம்ஸ் சோதனையில் பாக்டீரியா அதைக் கண்டுகொள்வதில்லை, மியூட்டேஷன் வராது. பாக்டீரியாவுக்குக் கதிர் இழை கிடையாதே. மைக்ரோநியூக்ளியஸ் சோதனையில் மாட்டிக்கொள்ளும். ஒரே சோதனையை நம்பக் கூடாது என்று நாங்கள் தொகுப்பாகச் செய்வது இதனால்தான். நொய்யல்கரை, இது உங்களுக்கும்தான்!

நொய்யல்கரை:
எனக்கும்தான், சரி. ஈரல் சாற்றின் நொதிகள் மாற்றினால்தான் நச்சாக விழித்துக்கொள்ளும் பொருள்கள் உண்டு, வெங்காயத்தின் நொதிகள் அவற்றை முழுசாக மாற்றித் தராது என்பதும் தெரியும். வெங்காயம் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதை வைத்து ஆலைக்குச் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். "இருக்கிறது" என்று சொன்னால் அடுத்த சோதனைக்குப் பணம் கேட்பேன்.

யாழ்வெங்காயம்:
எண்ணுகிற கதை ஒன்றும் மிச்சம் இருக்கிறது. ஸ்லைடில் பெயர் எழுதாமல், வேறொருவரைக் கொண்டு குறியீட்டு எண் போடச் சொல்லுங்கள். எது மருந்து, எது கன்ட்ரோல் என்று தெரிந்துகொண்டு எண்ணினால் கண் தானாகவே பிறழ்ச்சியைத் தேடிப்போகும். ஒரு செறிவுக்கு ஐந்து வெங்காயமாவது வையுங்கள், ஒவ்வொன்றிலும் 1000 செல். எல்லா வேரையும் காலையில் ஒரே நேரத்தில் ஃபிக்ஸ் செய்யுங்கள்.

வேர்நுனி:
அக்கா, ஐந்து வெங்காயம், ஒவ்வொன்றிலும் 1000 என்றால் மாதிரி எண்ணிக்கை 5000 என்று எடுத்துக் கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போடலாமா? சீனியர்கள் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

ஈரல்சாறு:
கூடாது. ஒரே வெங்காயத்தின் செல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு வெங்காயம் சோர்ந்திருந்தால் அதன் ஆயிரமும் சேர்ந்து சோரும். உங்கள் அலகு வெங்காயம், எண்ணிக்கை 5. வெங்காயத்துக்கு ஒரு சதவீதம் எடுத்து, அந்த ஐந்து சதவீதங்களைக் கன்ட்ரோலின் ஐந்தோடு ஒப்பிடுங்கள். 5000 என்று போட்டால் சும்மா இருக்கும் வேறுபாடுகூட "குறிப்பிடத்தக்கது" ஆகிவிடும்.

ஸ்லைடுபெட்டி:
இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஐந்தே வெங்காயத்தை வைத்து ஒப்பிட்டால் சிறிய விளைவுகள் நழுவிவிடும். கல்லூரியில் பத்து வைக்க இடமும் நேரமும் இருக்கிறதே, எட்டுப் பத்து என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 500 செல் எண்ணினாலும் போதும். செல்லைக் கூட்டுவதை விட வெங்காயத்தைக் கூட்டுவதுதான் லாபம்.

ஈரல்சாறு:
இது மாறுபாடே இல்லை சார், நான் சொன்னதன் அடுத்த படி. ஒப்புக்கொள்கிறேன்.

வேர்நுனி:
கைடிடம் நிலை வாரி அட்டவணையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ஹார்மெசிஸை எடுத்துவிடு" என்றார். இப்போது முடிவை இப்படி எழுதலாமா: "பெண்டிமெத்தலின் வணிகக் கலவையில் 24 மணி நேரம் வைத்த சின்ன வெங்காய வேர் நுனிகளில் மைட்டாட்டிக் இண்டெக்ஸ் கூடியது. இந்தக் கூடுதல் சி-மெட்டாஃபேஸ் தேங்கியதால் வந்தது. அனாஃபேஸ், டீலோஃபேஸ் விகிதமும் வேர் நீளமும் குறைந்தன. இவை கதிர் இழை உருவாகாமல் போனதைக் காட்டுகின்றன."

அப்புறம் பாசிட்டிவ் கன்ட்ரோல் எது வைப்பது? மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் என்று கட்டுரைகளில் பார்க்கிறேன்.

ஸ்லைடுபெட்டி:
வாக்கியம் நன்றாக இருக்கிறது. "காட்டுகின்றன" என்பதற்குப் பதில் "பொருந்துகின்றன" என்று போடுங்கள். டியூபுலினை நீங்கள் நேரில் பார்க்கவில்லை. 6 மணி, 24 மணி, 48 மணி என்று மூன்று நேரத்திலும் எடுத்தால் இண்டெக்ஸ் முதலில் ஏறி அப்புறம் இறங்குவது வரைபடத்திலேயே தெரியும். அந்த ஒரு படம் போதும், தேர்வாளர் வேறு கேள்வி கேட்க மாட்டார்.

மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் குரோமோசோமை உடைப்பது. உங்கள் கேள்வி கதிர் இழை. அதற்குக் கொல்சிசின்தான் பொருத்தம், 0.05 சதவீதக் கரைசல் போதும். இன்னொரு டைநைட்ரோஅனிலினான டிரைஃப்ளூரலினையும் வைக்கலாம். கொல்சிசின் மிக மோசமான விஷம், கிராம் கணக்கில் இல்லை, மில்லிகிராம் கணக்கிலேயே ஆளைக் கொல்லும். தூளை நீங்கள் எடை போட வேண்டாம், ஆய்வக உதவியாளரும் கைடும் பக்கத்தில் இருக்கும்போது கையுறையோடு செய்யட்டும். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேருங்கள். எதையும் வாயால் பிப்பெட்டில் உறிஞ்சாதீர்கள், அது எங்கள் காலத்துக் கெட்ட பழக்கம்.

வேர்நுனி:
இல்லை சார், மைக்ரோபிப்பெட் இருக்கிறது. டிப்தான் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வருமாம். கொங்கு அண்ணா, வெங்காயம் அதற்குள் வந்துவிடுமா?

கொங்குக்காடு:
நாளைக்கே பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன் கண்ணு. ஐந்து கிலோ போதுமா? மிஞ்சினதைச் சாம்பார் வைத்துவிடுங்கள், மருந்தில் ஊறவைக்காததை மட்டும்.